குழந்தையின் கஸ்டடி உத்தரவை மாற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் என் ஜூனியர் பையன் விவாகரத்தான ஒரு கட்சிக்காரரிடம், குழந்தை இனி யாரிடம் இருப்பது என்பது பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தான். "நீங்க ரெண்டு பேரும்தான் ஒத்துப் போயிட்டீங்களே சார், எதுக்கு மறுபடியும் கோர்ட்டு? அப்படியே போகட்டும்." போனை வாங்கி நானே பேச வேண்டியதாகிவிட்டது. வக்கீலாகச் சேர்ந்த புதிதில் இதே வார்த்தையை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

வாய்தாவுக்கு வராமல் இருப்பது, நீதிபதி முன்னால் கத்துவது இதெல்லாம் தவறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்னாலும் கேட்காதவற்றை மட்டும் எழுதுகிறேன். இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்து வாங்கியவர்களை வைத்துச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சட்டமும் பிரிவும் மாறும், தவறுகள் இவையேதான்.

கையெழுத்துப் போட்டாச்சு, இனி மாற்ற முடியாது என்று இருந்துவிடுவது

முடியும். பரஸ்பர சம்மதத்தில் நீங்களே ஒப்புக்கொண்டதாக இருந்தாலும் முடியும். குழந்தை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற கஸ்டடி உத்தரவுகள் அன்றைய சூழ்நிலையை வைத்துப் போடப்பட்ட தற்காலிக உத்தரவுகள்தான் என்று 1973லேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்குதான் அது. தீர்ப்புக்குப் பிறகும் மனுப் போட்டு மாற்றிக்கொள்ள இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வழிவிடுகிறது.

வாய்ப்பேச்சில் மாற்றிக்கொள்வது

நான் கெடுத்த கதை இதுதான். மகள் அம்மாவிடம் இருக்க வேண்டும், இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் அப்பா பார்க்கலாம், மாதம் 8,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு வருஷத்தில் அம்மாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, அதுவும் நைட் ஷிப்ட். மகள் இங்கேயே அப்பாவோடும் பாட்டியோடும் இருக்கட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். "கோர்ட்ல சொல்லணுமா மேடம்?" என்று அப்பா கேட்டபோதுதான் நான் "எதுக்கு மறுபடியும் கோர்ட்டு?" என்று சொன்னேன். அவர் பணத்தையும் நிறுத்திவிட்டார். குழந்தையே தன்னிடம் இருக்கும்போது யாருக்கு அனுப்புவது?

மூன்று வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் அவர் மறுமணத்துக்குப் பெண் பார்க்கிறார் என்ற செய்தி பெங்களூருக்குப் போனது. ஒரு புதன்கிழமை மதியம் அம்மா பழைய உத்தரவின் நகலோடு பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் படித்துப் பார்த்தார், மகளை அனுப்பிவைத்தார். அவர்மேல் என்ன தப்பு? காகிதத்தில் கஸ்டடி அம்மாவுக்குத்தானே. பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸ் வகுப்பிலேயே கிடந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நேராக என் ஆபீசுக்கு வந்து என் மேஜைமேல் வைத்தார் அப்பா. ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதமே, பழைய உத்தரவை நிறைவேற்றச் சொல்லி அம்மாவிடமிருந்து நிறைவேற்று மனு வந்தது. 36 மாதம், மாதம் 8,000 வீதம் 2,88,000 ரூபாய் பாக்கி. பள்ளிக் கட்டண ரசீது, டாக்டர் சீட்டு, டியூஷன் நோட்டு எல்லாவற்றையும் அடுக்கினோம். "கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளத்தான் விட்டேன், கொடுத்துவிடவில்லை" என்றார் அம்மா. கடைசியில் உத்தரவு மாறியது, ஆனால் 14 மாதம் ஆனது. பாக்கியில் ஒரு பங்கைக் கட்டித்தான் பணத்தகராறும் சமரசத்துக்கு வந்தது. அதற்குள் அந்தப் பெண் இரண்டு பள்ளி மாறிவிட்டாள்.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு சின்னது என்று நினைக்கும்போதுதான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. இருவரும் முகம் கொடுத்துப் பேசும் காலத்திலேயே, தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில் 26ஆம் பிரிவின்கீழ் ஒரு மனுவும், இருவரும் ஒப்புக்கொண்டதை எழுதி இருவர் கையெழுத்தோடு ஒரு கூட்டு மெமோவும் போட வேண்டும். நேரில் வந்து ஆமாம் என்று சொன்னால் பெரும்பாலும் சில வாய்தாக்களில் முடிந்துவிடும். குழந்தை யாரிடம் என்பதோடு மெமோவை நிறுத்தாதீர்கள். ஜீவனாம்சம் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது அல்லது குறைகிறது, மற்றவர் பார்க்கும் நாள் எது, முழுப்பரீட்சை லீவில் எத்தனை நாள், வீடியோ கால் எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சண்டை வந்த பிறகு இதே மனுவுக்குப் பதில் மனு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று இழுக்கும்.

"வாட்ஸ்அப்பில் ஓகே சொல்லியிருக்கிறாரே மேடம்!" இருக்கட்டும். வழக்கு நடக்கும்போது சாட்சியமாகக் காட்டலாம். பள்ளி வாசலில் அதை யார் படிக்கப் போகிறார்கள்? (ஜூனியர் பையன் இப்போது அந்தக் கட்சிக்காரரின் மெமோவைத்தான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறான்.)

மனுவில் பழைய சண்டையைக் கொட்டுவது

பழைய உத்தரவுக்குப் பிறகு என்ன மாறியது என்பதைத்தான் நீதிபதி தேடுவார். சமீபத்தில் ஒரு வரைவு பார்த்தேன், 22 பத்தி. அதில் 19 பத்தி சீர், நகை, மாமியார். குழந்தை இருபதாவது பத்தியில்தான் தலைகாட்டுகிறாள். அவளுக்கு ஆஸ்துமா வந்ததும், புது வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போவதும் கடைசி இரண்டு வரியில் இருந்தன. அந்த இரண்டு வரியை முதல் பத்தியாக்கினோம். சீரும் நகையும் போய்விட்டன.

குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது

விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதனால் நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கம். ஒருமுறை எங்களையும் ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார். "அப்பா வீட்டில் என் நலன் பாதிக்கப்படுகிறது" என்றான் ஏழு வயதுப் பையன். "நலன்னா என்னப்பா?" என்றார் நீதிபதி. பையன் கதவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா வெளியே இருந்தார்.

பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்துவது, பணம் வரவில்லை என்று பார்க்க விடாமல் இருப்பது

இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

குழந்தைக்கு ஐந்து வயது முடிந்தால் கஸ்டடி தானாக அப்பாவிடம் வந்துவிடும் என்று காத்திருப்பது

வராது.

லீவுக்கு அழைத்துப்போய் அப்படியே வைத்துக்கொள்வது

அப்புறம் நீங்கள் எந்த மனுப் போட்டாலும், எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது இதைத்தான்.

விசா வந்த பிறகு வக்கீலைத் தேடுவது

வெளிநாட்டுக்கு அழைத்துப்போக முடியாது என்றில்லை. சம்மத விவாகரத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்த ஒரு தாய் மகனை அழைத்துப்போக, 2010இல் விக்ரம் வீர் வோஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அந்த அம்மா முறையாக அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தார். என்னிடம் வருபவர்களோ டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு "அடுத்த வெள்ளிக்கிழமை ஃபிளைட் மேடம்" என்கிறார்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேரவே அந்த வெள்ளி தாண்டிவிடும்.