ஆர்வியில் ஆறு பேர்: நியூஜெர்சியிலிருந்து சியாட்டில்வரை மூன்று வாரப் பயணத்தைத் திட்டமிடும் முறை

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா, 7 வயது மகள், 11 வயது மகன், நாங்கள் இருவர் என ஆறு பேருமாக அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடப்பது என்று முடிவு செய்தபோது, முதலில் காரும் விடுதிகளும்தான் மனத்தில் இருந்தன. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும். அம்மாவுக்கு இரண்டு நாளைக்கு மேல் வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கழிப்பறையையும் அடுப்பையும் கூடவே கொண்டுபோகும் வண்டி ஆர்வி எனப்படும் வீட்டு வண்டி ஒன்றுதான் என்பதால் அதைத் தேர்ந்தோம். முதன்முறையாக இப்படிப் புறப்படுகிறவர்கள் எந்த வரிசையில் திட்டமிட வேண்டும் என்பதை எங்கள் பயணத்தையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன்.

படி 1: தூரத்தை நாட்களாக மாற்றுங்கள்

வரைபடச் செயலி காட்டும் நேரம் காருக்கானது. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் சென்றாலும், பெட்ரோல் போடுவது, சாப்பிடுவது, பெரியவர்கள் இறங்கிக் காலை நீட்டி நடப்பது எல்லாவற்றையும் சேர்த்தால் ஆர்வியின் சராசரி 45 முதல் 50 மைலுக்குள் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு நாளைக்கு 250 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐ-80, ஐ-90 சாலைகளையும் இடையிலுள்ள சுற்றுப்பாதைகளையும் சேர்த்துச் சுமார் 3,200 மைல் என்று கணக்கிட்டோம். அதை 250-ஆல் வகுத்தால் 13 ஓட்ட நாட்கள். எங்கும் நகராமல் தங்குவதற்கு 8 நாட்களைச் சேர்த்தபோது 21 ஆயிற்று. விடுப்பு 14 நாட்கள்தான் கிடைக்கும் என்றால் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். பாதையைப் பாதியாக்கி, சிகாகோவிலோ டென்வரிலோ வண்டியை வாடகைக்கு எடுத்துத் தொடங்குங்கள். தினமும் 450 மைல் ஓடினால் அடுப்பைப் பற்றவைக்கவே நேரம் இருக்காது. பிறகு வீட்டை இழுத்துக்கொண்டு போவதில் பொருளில்லை.

மேற்கே போகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. நேர வலயங்கள் நான்கு என்பதால், வழியில் மூன்று முறை ஒவ்வொரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதையும் ஓட்டத்தில் செலவிடாமல், ஆர்வியை இரவு நிறுத்தித் தங்கும் முகாமிடத்தைப் பிற்பகல் 3 மணிக்கே அடையப் பயன்படுத்துங்கள். பழக்கமில்லாத இடத்தில், இருட்டில், 30 அடி வண்டியைப் பின்னோக்கி நிறுத்தும் வேலை எந்தப் புதியவருக்கும் வேண்டாம்.

படி 2: வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

சொந்த எஞ்சினில் ஓடும் ஆர்விகளில் மூன்று வகைகள் உண்டு. கிளாஸ் ஏ பேருந்தைப் போன்றது. கிளாஸ் பி வேனுக்குள் அமைத்த சிறு வீடு, இருவருக்குப் போதும். கிளாஸ் சி என்பது லாரியைப் போன்ற முகப்பும், ஓட்டுநர் தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கையும் உடையது. குடும்பங்கள் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் இதைத்தான். ஃபோர்டு இ-450 அடித்தளத்தில் கட்டிய வண்டியின் முழுச் சுமை எடை வரம்பு 14,500 பவுண்டு என்பதால், வழக்கமான கார் உரிமமே போதும்.

விளம்பரத்தில் 'ஏழு பேர் உறங்கலாம்' என்று இருப்பதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். உறங்கும் இடங்களின் எண்ணிக்கை வேறு, சீட் பெல்ட்டுகளின் எண்ணிக்கை வேறு. பெல்ட் எத்தனை, எந்த இருக்கையில் இருக்கிறது, முன்னோக்கிய இருக்கைதானா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குழந்தையின் கார் சீட்டைப் பக்கவாட்டில் பார்த்திருக்கும் சோபாவில் கட்டவே கூடாது. பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட்டுக்குத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் வேண்டும். சாப்பாட்டு மேசை இருக்கைகளில் பல வண்டிகளில் இடுப்புப் பெல்ட் மட்டுமே இருக்கும். எங்கள் மகளின் பூஸ்டருக்காகவே நாங்கள் இரண்டு வண்டிகளை வேண்டாம் என்று சொன்னோம்.

படுக்கைகளையும் முன்கூட்டியே பங்கிடுங்கள். மேல்தட்டுக்கு ஏணியில் ஏற வேண்டும், அது பிள்ளைகளுக்கு. பின்புறத்து நிலையான கட்டில் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரியவர்களுக்கு. இரவில் மேசையை இறக்கிக் கட்டிலாக்குவது ஓட்டுகிற இருவருக்கு.

காப்பீட்டை இந்தக் கட்டத்திலேயே பேசி முடியுங்கள். சொந்தக் காரின் காப்பீடும் கடன் அட்டை தரும் வாடகைக் காப்பீடும் பெரும்பாலும் ஆர்விக்குப் பொருந்துவதில்லை. ஊரிலிருந்து வந்த பெற்றோருக்குப் பயண மருத்துவக் காப்பீடு தனி.

படி 3: மாற்ற முடியாத நாட்களை முதலில் உறுதிசெய்யுங்கள்

பயணத் திட்டத்தை வீட்டு வாசலிலிருந்து தொடங்காதீர்கள். நடுவிலிருந்து தொடங்குங்கள். கிடைப்பதற்கு மிகக் கடினமான இடம் எதுவோ, அந்தத் தேதிதான் முளைக்கம்பு. மற்ற நாட்கள் அதற்கு இரு பக்கமும் நீளும் கயிறு. எங்களுக்கு அது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 1872-ல் அமைந்த அந்தப் பூங்காவினுள் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் உள்ள முகாமிடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் துணிக் கூடாரங்களுக்கு அங்கே இடமில்லை. கெட்டிச் சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. கோடைக்கு ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கூட்டரசின் முகாமிடங்கள் பலவற்றுக்கு ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதங்களுக்கு முன்பு பதிவு திறக்கும். பெயர்பெற்ற இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

இந்த முளையிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் தெற்கு டகோட்டாவின் பேட்லாண்ட்ஸுக்கு இரண்டு இரவு, மவுண்ட் ரஷ்மோர் இருக்கும் பிளாக் ஹில்ஸுக்கு மூன்று இரவு, சிகாகோ அருகில் ஓரிரவு என்று பிரித்தோம். சிகாகோவில் தங்கியதற்கு இரண்டு காரணங்கள்: அரோரா பாலாஜி கோவிலில் அம்மா தரிசனம் செய்ய விரும்பினார், அதற்கு மேற்கே ஏறத்தாழ 1,500 மைலுக்கு உளுந்தும் கறிவேப்பிலையும் எளிதில் கிடைக்கா என்பதால் மளிகையை அங்கேயே நிரப்பிக்கொண்டோம்.

நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், அந்த ஆண்டுக்கான தேசியப் பூங்கா அனுமதி குடும்பத்துக்கே இலவசம். அந்த ஆண்டைத் தவறவிடாதீர்கள்.

படி 4: வண்டியின் உயரத்தை மனப்பாடம் செய்யுங்கள்

கூரையிலுள்ள ஏசி உட்பட எங்கள் வண்டியின் உயரம் 11 அடி 8 அங்குலம். அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவைத்தோம். கார் செயலி உங்களைத் தாழ்வான பாலத்தின் கீழ் அனுப்பத் தயங்காது. உயரம், நீளம் இரண்டையும் கேட்டுப் பாதை சொல்லும் ஆர்வி வழிகாட்டியைப் பயன்படுத்துங்கள். நியூயார்க் வட்டாரத்தில் பார்க்வே எனப்படும் கார்களுக்கான சாலைகளில் பழைய கல்பாலங்கள் மிகத் தாழ்வானவை. பால்டிமோரின் சுரங்கச் சாலைகளில் ஆர்வியில் அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் இருக்கும் அளவு ப்ரொப்பேன் வாயுவைக் கொண்டுபோகத் தடை உள்ளது.

மலைப்பாதைகளைத் தனியாகப் பாருங்கள். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் 'கோயிங் டு தி சன்' சாலையின் உயரப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளை விடுவதில்லை; அங்கே போக விரும்பினால் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வயோமிங்கின் பிக்ஹார்ன் மலையைக் கடக்க மூன்று சாலைகள் உள்ளன. 14ஏ சாலையில் சரிவு 10 சதவீதம்வரை செல்வதால், நாங்கள் பஃபலோ ஊரிலிருந்து 16-ஆம் எண் சாலையைப் பிடித்தோம். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். உச்சியிலேயே கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விடுங்கள்.

படி 5: தண்ணீர், மின்சாரம், கழிவு

புதியவர்கள் அஞ்சுவது இந்த மூன்றுக்குத்தான். வண்டியை எடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் செலவிட்டு, வாடகை நிறுவனத்தார் செய்து காட்டுவதைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டால் அச்சம் பாதியாகும்.

வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று பாத்திரம் கழுவிய, குளித்த நீர், மூன்றாவது கழிப்பறைக் கழிவு. முகாமிடத்தில் கழிவுக்குழாயை இணைத்திருந்தாலும் கழிப்பறைத் தொட்டியின் வால்வை மூடியே வையுங்கள். திறந்துவிட்டால் நீர் மட்டும் ஓடிப்போய், திடக்கழிவு அடியில் இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தபின் கையுறை மாட்டிக்கொண்டு, குழாயின் இரு முனைகளும் இறுகியிருப்பதைக் கையால் திருகிப் பார்த்துவிட்டு, கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிடுங்கள். ஓடும் ஓசை நின்றபின் அதை மூடிவிட்டு இரண்டாவது தொட்டியைத் திறந்தால், சோப்பு நீர் பாய்ந்து குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. குடிநீருக்கான வெள்ளைக் குழாயைக் கழிவுக்குழாய் இருக்கும் பெட்டியில் வைக்காமல், வண்டியின் மறுபக்கத்துப் பெட்டியில் வையுங்கள்.

மின்சாரத்தில், எங்களைப் போல 30 ஆம்பியர் இணைப்பு உள்ள வண்டிக்கு 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட் கிடைக்கும். ஏசி சுமார் 1,500, இண்டக்‌ஷன் அடுப்பு 1,800. இரண்டும் ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். மின் இணைப்போ ஜெனரேட்டரோ இல்லாத இடத்தில் வண்டியின் பேட்டரி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும்தான் உதவும். சட்னி அரைக்க முடியாது.

ப்ரொப்பேனில் ஓடும் குளிர்பெட்டிக்கு வண்டி சமதளத்தில் நிற்பது மிக அவசியம். அப்பாவின் இன்சுலின் அதற்குள் இருந்ததால், நிறுத்தியவுடன் வண்டிக்குள் தரையில் மட்டக்கருவியை வைத்துப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்தின் கீழ் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து ஏற்றுவதை மகனின் பொறுப்பாக ஒப்படைத்தோம். பெட்ரோல் போடுமுன் ப்ரொப்பேனை அடைக்க மறக்காதீர்கள்.

படி 6: சமையலறை

குக்கர் ஒன்று, கனமான தோசைக்கல் ஒன்று, 110 வோல்ட் மிக்ஸி ஒன்று, உபரி கேஸ்கட் ஒன்று. இவை போதும். யெல்லோஸ்டோன் ஏரிப் பகுதி கடல்மட்டத்திலிருந்து 7,700 அடிக்கு மேல் இருப்பதால், தண்ணீர் அங்கே ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும். குக்கரிலும் இரண்டு விசில் கூட்டி வைக்க வேண்டும்.

மாவு அரைத்து எடுத்துச்சென்றால் டப்பாவில் பாதியளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். முதல் நாளே, வெயிலில் ஓடிய வண்டிக்குள், முக்கால் டப்பா மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டு, அலமாரியின் விளிம்பு வழியாக மெத்தைவரை வழிந்திருந்தது. பென்சில்வேனியாவில் ஒரு ஓய்விடத்தில் நிறுத்தி, அம்மா முழங்காலிட்டுத் துடைத்தார். அன்றுமுதல் மாவை அகலமான, அடிகனத்த எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துவிட்டோம்; பொங்கினாலும் தொட்டியோடு போகும்.

புறப்படுமுன் ஒவ்வொரு அலமாரிக் கதவையும் கையால் இழுத்துப் பார்ப்பது மகளின் வேலை. முதல் வளைவில் கதவு திறந்தால் தட்டுகள் பறக்கும்.

படி 7: புறப்படும் முன் ஓட்டிப் பழகுங்கள்

ஞாயிறு காலையில் காலியான ஒரு வாகன நிறுத்தத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் பல அடி நீளம் தொங்குவதால், இடப்பக்கம் திருப்பும்போது வால் வலப்பக்கம் வீசும். ஒரு பிளாஸ்டிக் கூம்பைப் பின்மூலைக்கு இரண்டடி தள்ளி வைத்து, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பாருங்கள். அது விழுந்தால் அந்த வீச்சு எவ்வளவு என்பது மறக்காது. பின்னோக்கி நகர்த்தும்போது ஒருவர் இறங்கி, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நின்று கை காட்ட வேண்டும். அவர் மறைந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். சமவெளியில் எதிர்க்காற்றும் பக்கக்காற்றும் பலமாக அடிக்கும்; தெற்கு டகோட்டாவில் ஒரு பிற்பகல், காற்று தணியும்வரை இரண்டு மணி நேரம் நின்றே போனோம்.

டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். அவ்வளவு பழையதென்றால் வேறு டயர் கேளுங்கள்.

படி 8: செலவு

இத்தகைய வண்டி கேலனுக்கு 8 மைல் கொடுத்தால், 3,200 மைலுக்கு 400 கேலன், கேலன் 3.50 டாலர் என்றால் 1,400 டாலர். வாடகையுடன், மைல் கட்டணம், ஜெனரேட்டர் மணிக் கட்டணம், வேறு ஊரில் ஒப்படைப்பதற்கான கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். முகாமிடங்கள் தனி.

படி 9: ஒப்படைப்பு

பெரும்பாலும் காலையிலேயே வண்டியைக் கேட்பார்கள். ஆகவே கடைசி இரவை ஒப்படைக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள், கழிவுக்குழாய் உள்ள முகாமிடத்தில் வையுங்கள். முந்தைய மாலையே பெட்டிகளைக் கட்டி, குளிர்பெட்டியைக் காலிசெய்து, இன்சுலினைப் பனிப்பைக்கு மாற்றிவிட்டால், காலையில் தொட்டிகளைக் காலிசெய்வதும் ப்ரொப்பேனும் பெட்ரோலும் நிரப்புவதும்தான் மிச்சம். வண்டியை எடுத்த நாளில் நான்கு பக்கமும் கூரையும் படமெடுத்தது போலவே, சாவியைக் கொடுக்குமுன் மீண்டும் ஒருமுறை படமெடுத்துக்கொள்ளுங்கள்.