மலையகத்திலிருந்து ஸ்பவுஸ் விசா: பதிவாளரிடம் போகும் முன் பெயரைப் பாருங்கள்

மாப்பிள்ளை லண்டனில், பெண் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில். நிச்சயம் முடிந்ததும் வீட்டில் எல்லாரும் மண்டபம், ஐயர், கூறைச்சேலை என்று ஓடுவார்கள். கணவனோடு போய்ச் சேர்வதற்கான ஸ்பவுஸ் விசாவின் பேச்சு தாலி கட்டிய பிறகுதான் எழும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். மலையகத்தில் இருந்து போகும் விண்ணப்பங்கள் இழுபடுவதற்குப் பெரும்பாலும் மாப்பிள்ளையின் சம்பளமோ பெண்ணின் ஆங்கிலமோ காரணமில்லை. டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் பிறப்புச் சான்றிதழில் உள்ள ஒரு எழுத்துதான் காரணம். ஆகவே முகூர்த்தம் குறிக்கும் முன்பே கடதாசிகளை எடுத்து மேசையில் வையுங்கள்.

பெயர்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். தோட்டத்துப் பிறப்புகளை நிர்வாகமே பதிவுக்கு அனுப்பிய காலத்தில், தாய் சொன்ன பெயர் ஒன்று, கிளார்க் காதில் விழுந்தது ஒன்று, பதிவேட்டில் ஏறியது இன்னொன்று. வீட்டில் லட்சுமி, பதிவில் லெச்சுமி, பள்ளிக்கூடத்தில் லெட்சுமி. சிங்களத்தில் பதிந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொரு கோளாறு சேரும்: விஜயகுமாருக்கு முதலெழுத்து ஓரிடத்தில் ‘வி’, இன்னோரிடத்தில் ‘டபிள்யூ’. தகப்பன் பெயர் ஒரு கடதாசியில் முன்னால், மற்றதில் பின்னால், மூன்றாவதில் வெறும் முதலெழுத்து.

இவற்றில் எதைத் திருத்த வேண்டும், எதை விட்டுவிடலாம்? பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் ஒலி ஒன்றாக இருந்து ஆங்கில எழுத்து மட்டும் வேறுபட்டால், சமாதான நீதவான் முன் கையொப்பமிட்ட சத்தியக் கடதாசி பெரும்பாலும் போதும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். பெயரே வேறாக இருந்தால், பிறந்த திகதி மாறியிருந்தால், தகப்பன் பெயர்க் கூண்டு வெறுமையாக இருந்தால், சத்தியக் கடதாசியை நம்பாதீர்கள். பிறப்பைப் பதிந்த பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். பாடசாலைச் சேர்விடாப்பு, குழந்தையின் கிளினிக் அட்டை, ஞானஸ்நானச் சான்று, தாயின் ஊழியர் சேமலாப நிதிப் பதிவு என்று அந்தப் பெயரைக் காட்டும் பழைய கடதாசி எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள். பழையதாக இருக்க இருக்கப் பலம் கூடும். போன மாதம் வாங்கிய கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை.

பிறப்பே பதியப்படாதவர்களும் இருக்கிறார்கள். பதிவேட்டில் தேடிப் பெயர் இல்லை என்ற முடிவு வந்தால், காலங்கடந்த பதிவோ உத்தேச வயதுச் சான்றிதழோதான் வழி. இரண்டும் மாதக்கணக்கில் எடுக்கும். திகதி வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 5 இலிருந்து 10 ஆனதால், உங்கள் தோட்ட டிவிஷன் இப்போது எந்தச் செயலகத்தின் கீழ் வருகிறது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசையை மாற்றக்கூடாது. பிறப்புச் சான்றிதழ், அதன்படி அடையாள அட்டை, அதன்படி கடவுச்சீட்டு, அதன்படி விவாகப் பதிவு, அதன்படி ஆங்கிலப் பரீட்சை. பிந்தியதை முதலில் செய்தால் முந்தியது திருந்தியதும் எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டி வரும். கடவுச்சீட்டுக்குக் கண்டியிலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தலைமையகம் இருக்கும் பத்தரமுல்லைவரை போகத் தேவையில்லை.

பதிவு

கோயிலில் தாலி கட்டிய திருமணம் இலங்கைச் சட்டத்தில் செல்லாது என்றில்லை. ஆனால் விசா அதிகாரி கேட்பது விவாகச் சான்றிதழை. தமிழர்களின் பதிவு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவர்களுக்கு, முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

தான் குறைந்தது 10 நாள் வசித்த பிரிவின் பதிவாளரிடம் விவாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு பிரிவில் வசித்தால் இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். அறிவித்தல் பதிந்து 12 நாள் கழிந்தபின், விவாகம் செய்யலாம் என்ற சான்றிதழைப் பதிவாளர் தருவார். 3 மாதத்துக்குள் பதிவை முடிக்க வேண்டும், தவறினால் முதலிலிருந்து. மூன்று வார லீவில் வரும் மாப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்களுக்காகத்தான் விசேட அனுமதிப்பத்திரம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கேளுங்கள். டிக்கெட் போடும் முன் கேளுங்கள்.

மாப்பிள்ளை பிரித்தானியக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை பெறாதவராக இருந்தால், ஹட்டனில் பிறந்தவரானாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2022 ஜனவரி 1 முதல் அப்படிப்பட்ட விவாகங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கேட்டார்கள், பிறகு அந்த நடைமுறை மாற்றப்பட்டது. போன வருடம் கலியாணம் செய்த மச்சானின் பட்டியலை வைத்துக்கொண்டு போகாதீர்கள். இன்றைக்கு என்ன வேண்டும் என்று செயலகத்தில் எழுதி வாங்குங்கள். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், மணமாகாதவர் என்பதற்கான சான்று ஆகிய மூன்றும் எப்படியும் தேவைப்படும். முன்பு மணமுறிவு ஆனவர் மாவட்ட நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கொண்டுவர வேண்டும். முதற்கட்டத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்ய முடியாது.

பதிவாளர் எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சான்றிதழ் சிங்களத்தில் நிரப்பப்பட்டால் உங்களால் வாசிக்க முடியாமல் போகலாம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைச் சாட்சியாகக் கூட்டிப்போனால் இரண்டு வேலை முடியும். பெயர், திகதி, தகப்பன் பெயர் மூன்றையும் கையொப்பமிடும் முன் சரிபாருங்கள். கையொப்பத்துக்குப் பின் ஒரு எழுத்தைத் திருத்துவதும் பெரிய பாடு.

கோயில் திருமணம் ஒரு நாள், பதிவு இன்னொரு நாள் என்றால், படிவத்தில் திருமணத் திகதியாகப் பதிவுத் திகதியைப் போடுங்கள். கோயில் திகதியை விளக்கக் கடிதத்தில் சொல்லுங்கள். மாப்பிள்ளை ஒன்று, பெண் ஒன்று எழுதினால் அதிகாரிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? இன்னொன்று: விசா கிடைக்கும்வரை கடவுச்சீட்டைக் கணவன் பெயருக்கு மாற்றாதீர்கள். அது கட்டாயமும் இல்லை, பயனும் இல்லை.

லண்டன் கணக்கு

பிரித்தானியாவின் ஸ்பவுஸ் விசாவுக்கு அங்கிருப்பவரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண் இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் இது நடைமுறை. அதற்கு முன் 18,600. இங்கிருக்கும் பெண்ணின் சம்பளம் இதில் சேராது. மாமனார் உதவுவார் என்ற கடிதமும் சேராது.

வருமானம் குறைந்தால் சேமிப்பால் நிரப்பலாம். கணக்கு இதுதான்: குறையும் தொகையை 2.5 ஆல் பெருக்கி, 16,000 ஐக் கூட்டுங்கள். 25,000 உழைப்பவருக்குக் குறை 4,000, பெருக்கினால் 10,000, கூட்டினால் 26,000 பவுண். வருமானமே இல்லாவிட்டால் 88,500. அந்தப் பணம் 6 மாதம் முழுவதும் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். நேற்றுச் சீட்டு எடுத்துப் போட்டது எடுபடாது.

ஒரே வேலையில் 6 மாதத்துக்கு மேல் இருப்பவர் 6 மாதச் சம்பளச் சீட்டு, அதே 6 மாத வங்கிக் கூற்று, முதலாளியின் கடிதம் தர வேண்டும். சீட்டில் உள்ள தொகை அப்படியே வங்கியில் விழுந்திருக்க வேண்டும். கடைகளிலும் பெற்றோல் ஸ்டேஷன்களிலும் பாதி வங்கிக்கு, பாதி கையில் என்று வாங்குகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். கையில் வாங்கியது விசாக் கணக்கில் இல்லாத பணம். மாதச் சம்பளக்காரருக்கு அந்த 6 மாதத்தில் மிகக் குறைந்த சம்பளத்தை வைத்துத்தான் ஆண்டுக் கணக்கைப் போடுவார்கள் என்பதால், சம்பளம் கூடிய அடுத்த மாதமே விண்ணப்பிக்க அவசரப்படாதீர்கள். இடையில் வேலை மாறியிருந்தால் 12 மாதக் கணக்கு கேட்பார்கள். வங்கிக் கூற்றின் கடைசித் திகதி விண்ணப்பத் திகதிக்கு முந்திய 28 நாளுக்குள் இருக்க வேண்டும்.

பெண் ஆங்கிலத்தில் ஏ1 என்ற அடிப்படை மட்டத்தைக் காட்ட வேண்டும். பேசுவதும் கேட்பதும் மட்டும்தான். எழுத்துப் பரீட்சை இல்லை. ஐஈஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 என்ற பரீட்சையில் ஒரு பரீட்சகர் முன் இரண்டு பேர் உட்கார்ந்து சுமார் 16 முதல் 18 நிமிடம் பேசுவார்கள். சாதாரண ஐஈஎல்டிஎஸ் எடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. பிரித்தானிய உள்துறை அங்கீகரித்த பரீட்சையா என்று பதியும் முன்பே பாருங்கள். பெறுபேறு 2 வருடம் செல்லும். தோட்டப் பாடசாலையில் படித்துவிட்டுப் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இலக்கணப் புத்தகத்தைவிடத் தினமும் அரை மணிநேரம் வாய்விட்டுப் பேசும் பயிற்சிதான் உதவும்.

காசநோய்ப் பரிசோதனை கொழும்பில், புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பான ஐஓஎம் நிலையத்தில். சான்றிதழ் 6 மாதமே செல்லும் என்பதால் இதைக் கடைசியில் வையுங்கள். கர்ப்பிணிகள் எக்ஸ்ரேக்குப் பதில் சளிப் பரிசோதனை கேட்கலாம், ஆனால் முடிவு வர 8 கிழமைவரை ஆகும்.

2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண் ஆனது. சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035. முதல் விசா 2 வருடம் 9 மாதத்துக்கு என்றாலும் 3 வருடத்துக்கு அறவிடுவார்கள், ஆக 3,105. கட்டும் நாளில் அரசின் இணையத்தளத்தில் தொகையைத் திரும்பப் பாருங்கள். கைரேகை கொழும்பில், விசா விண்ணப்பங்களைப் பொறுப்பேற்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் நிலையத்தில்.

உறவை எப்படிக் காட்டுவது

பெரியவர்கள் பேசி முடித்த திருமணம் என்பதை மறைக்காதீர்கள். யார் பேசினார்கள், எப்போது பார்த்தார்கள், எப்போது நிச்சயம் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கலியாண அல்பம் முழுவதையும் அனுப்புவதில் பயனில்லை. 15, 20 படம் போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் திகதி, இடம், நிற்பவர் யார் என்று எழுத வேண்டும். திருமணத்துக்குப் பிறகு பேசிய தொலைபேசிப் பதிவு, அனுப்பிய காசின் ரசீது, வந்துபோன டிக்கெட் ஆகியவை அல்பத்தைவிடப் பலம். தமிழ் வாட்ஸ்அப் உரையாடலை அப்படியே வைத்தால் யாரும் வாசிக்கமாட்டார்கள். சில பக்கங்களை மொழிபெயர்த்து வையுங்கள். எந்த மொழிபெயர்ப்பிலும், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, திகதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் எல்லாம் இருக்க வேண்டும்.

விலாசம் தனிப் பிரச்சினை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பல குடும்பங்களுக்கும் ஒரே விலாசம், கடிதம் தோட்ட ஒபிஸில் தேங்கிக் கிடக்கும். லயன் இலக்கம், டிவிஷன், தோட்டம், தபாற்கந்தோர் என்று கிராம உத்தியோகத்தர் சான்றிதழில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். கடவுச்சீட்டைக் கூரியரில் வரவழைக்காமல் கொழும்புக்குப் போய் நேரில் வாங்குவது நல்லது.

கனடா என்றால்

துணையை ஸ்பொன்சர் செய்யப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் கேட்பதில்லை. ஆனால் 3 வருடம் பராமரிக்கும் பொறுப்பை ஸ்பொன்சர் எழுத்தில் ஏற்க வேண்டும். தானே துணையாக ஸ்பொன்சரில் போனவர், நிரந்தர வதிவிடம் கிடைத்து 5 வருடம் ஆகாமல் புதிய துணையைக் கூப்பிட முடியாது. இருவரும் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ பிரதிநிதி மூலமோ செய்த திருமணத்தைக் கனடா ஏற்பதில்லை.

மலையகத்துக்குப் பொருந்தும் ஒன்று இருக்கிறது. கடந்த 10 வருடத்தில் 18 வயதுக்குப் பின் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். குவைத்திலோ ரியாத்திலோ வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண் அந்த நாட்டின் சான்றிதழையும் தேட வேண்டும். அங்கே போனதை மறைத்தால் பொய்த் தகவல் என்று 5 வருடத் தடை விழலாம். பிரித்தானியாவில் ஏமாற்றினால் தடை 10 வருடம்வரை போகும். ‘நான் பார்த்துக்கொள்கிறேன், கையொப்பம் மட்டும் போடுங்கள்’ என்கிற புரோக்கர் எழுதிய பொய்க்கும் கையொப்பம் போட்டவர்தான் பொறுப்பு. அனுப்பும் முன் நிரப்பிய படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வாசியுங்கள், தர மறுப்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

மறுத்தால்

பிரித்தானியா மறுத்தால் கடிதத்தில் எந்த விதி, எந்தக் கடதாசி என்று எழுதியிருக்கும். சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. வெளிநாட்டிலிருந்து மேன்முறையீடு செய்ய 28 நாள். சம்பளச் சீட்டு ஒன்று விடுபட்டது போன்ற காரணமென்றால், மேன்முறையீட்டில் காத்திருப்பதைவிடக் குறையைச் சரிசெய்து புதிதாகப் போடுவது பெரும்பாலும் விரைவு. உறவே உண்மையில்லை என்று எழுதியிருந்தால், அந்த 28 நாளுக்குள் அங்கே பதிவுபெற்ற குடிவரவுச் சட்டத்தரணியிடம் கடிதத்தைக் காட்டுங்கள்.