மேடையில் ஒருவர் எல்லை மீறிப் பேசினால்: கிளைப் பொறுப்பாளர்களுக்குச் சில யோசனைகள்

இருபத்திரண்டு வருடமாகத் தெருமுனைக் கூட்டம் நடத்தி வருகிறேன். மைக் செட் சொல்வது, காவல் நிலையத்தில் அனுமதி வாங்குவது, வெளியூர்ப் பேச்சாளருக்கு ராத்திரிச் சாப்பாடு, எல்லாம் என் வேலை. புதிதாகப் பொறுப்புக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். “அண்ணே, நம்ம ஆளு ஒருத்தர் கண்டபடி பேசிட்டாரு, எல்லா குரூப்புலயும் வீடியோ ஓடுது, இப்ப என்ன பண்றது?” அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கட்சிக்காரரும் படிக்கலாம்.

முதலில் ஜனங்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது தெரிய வந்தது ஒரு பங்குனி மாதத்தில். எங்கள் ஊர்த் தேரடியில் கூட்டம். வெளியூர்ப் பேச்சாளர். முதல் அரை மணி நேரம் குடிநீர், ரேஷன் என்று நன்றாகத்தான் பேசினார். அப்புறம் திடீரென்று வேறு மதத்துக்காரர்கள் மேல் பாய்ந்தார், அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முன் வரிசையில் எங்கள் பையன்கள் விசில் அடித்தார்கள். தலைமை தாங்கியவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றிருந்தேன். “நேரம் முடிந்தது” என்று எழுதிய துண்டுச் சீட்டு என் கையிலேயே இருந்தது. கொடுக்கவில்லை. கூட்டம் சூடாக இருக்கிறதே, கலைப்பானேன் என்று நினைத்தேன். நன்றியுரை சொன்ன தம்பி அவரைச் சிங்கம் என்றான்.

மறுநாள் காலை அதே தெருவில் நோட்டீஸ் கொடுக்கப் போனேன். இட்லிக் கடை அக்கா மூன்று தேர்தலாக எங்களுக்கு ஓட்டுப் போட்டவர். நோட்டீஸை வாங்கவில்லை. மாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே சொன்னார்: “அந்தாளு யாரோ எவரோ, போயிட்டாரு. நீங்கல்லாம் இந்த ஊருதானே, நீங்க கை தட்டுனீங்களே.”

அவ்வளவுதான் விஷயம். மேடையில் ஒருவர் வரம்பு மீறினால் பாதிப் பேர் அதை அவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். பக்கத்தில் இருந்த நாம் என்ன செய்தோம் என்பதை வைத்துத்தான் அது கட்சியின் கணக்குக்கு மாறுகிறது. அதனால் நாம் செய்ய வேண்டிய வேலை முக்கால்வாசி கூட்டத்துக்கு முன்னாலும் கூட்டத்திலும்தான் இருக்கிறது.

பேச்சாளரைக் கூப்பிடுவதற்கு முன் அவர் கடைசியாகப் பேசிய இரண்டு மூன்று கூட்டங்களின் வீடியோவை முழுதாகப் பாருங்கள். வெட்டிய துண்டைப் பார்த்தால் போதாது. போனில் தலைப்பைச் சொல்லும்போதே எதைப் பேச வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள், நல்ல பேச்சாளர்கள் கோபித்துக்கொள்வதில்லை. சீட்டுக் கொடுக்கும் பொறுப்பை முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படையுங்கள், அவர் மேடையிலேயே உட்காரட்டும். சீட்டைப் பார்த்தும் நிறுத்தவில்லை என்றால் தலைமை தாங்குபவர் எழுந்து மைக் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு மேல் போக வேண்டியிருக்காது. போனால், பத்து மணிக்கு முன்னாலேயே மைக்கை அணைக்கலாம், தப்பில்லை.

நன்றியுரையை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். வழக்கமாக, பேச வாய்ப்புக் கிடைக்காத பையனுக்கு ஆறுதலாக அதைக் கொடுப்போம். ஆனால் கூட்டத்தின் கடைசி வார்த்தை அதுதான். நிதானமான ஆள் அங்கே இருந்தால், “இன்று இங்கே சொல்லப்பட்ட அந்தப் பேச்சு எங்கள் கட்சியின் கருத்து இல்லை, அதற்காக வருந்துகிறோம்” என்று அதே மைக்கில் சொல்லிவிடுவார். அதே ராத்திரி அதே மேடையில் சொல்கிற ஒரு வரிக்கு, மூன்று நாள் கழித்துத் தலைமை வெளியிடும் அறிக்கை ஈடாகாது.

அது தவறிவிட்டால் மறுநாள் காலையிலாவது சொல்லுங்கள். தப்பு என்று சொல்லிவிட்டு ‘ஆனால்’ போடாதீர்கள். “அவங்க கட்சியில பேசலையா” என்று ஆரம்பிக்காதீர்கள். முழு வீடியோ ஊர் முழுக்க இருக்கும்போது “திரித்துவிட்டார்கள்” என்று சொன்னால் இருக்கிற நம்பிக்கையும் போகும். யாரைப் பற்றிப் பேசினாரோ அவர்கள் தெருவுக்கு முதலில் போங்கள், கேமரா இல்லாமல். அப்புறம் அடுத்த மாதமே அதே ஆளை மேடையேற்றிச் சால்வை போர்த்தாதீர்கள். போட்டோ ஒன்று போதும், நீங்கள் சொன்ன வருத்தமெல்லாம் பொய் என்றாகிவிடும்.

இது நம் ஊர் விஷயம் மட்டும் இல்லை. ஜெர்மனியில் துரிங்கியா என்று ஒரு மாநிலம். 2020 பிப்ரவரி 5 அன்று அங்கே முதலமைச்சர் தேர்வு. 90 பேர் சபையில் வெறும் 5 இடம் வைத்திருந்த சுதந்திர ஜனநாயகக் கட்சியின் தாமஸ் கெம்மரிச் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி., தன் வேட்பாளரையே விட்டுவிட்டு அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தது. அப்போது ஜெர்மனியின் பிரதமராக இருந்த மெர்க்கலின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினரும் அவருக்கே போட்டிருந்தார்கள். கெம்மரிச் பதவியை ஏற்றார். அந்த மாநில ஏ.எஃப்.டி. தலைவர் பியோர்ன் ஹோக்கே அவருக்குத் தலை குனிந்து கை கொடுக்கும் படம் நாடு முழுக்கப் பரவியது. வாழ்த்துச் சொல்ல வந்த இடதுசாரிக் கட்சித் தலைவி பூங்கொத்தை அவர் காலடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மன்னிக்க முடியாத செயல் என்றார் மெர்க்கல். மறுநாளே பதவி விலகுவதாக கெம்மரிச் அறிவித்தார். 10ஆம் தேதி, மெர்க்கலுக்குப் பின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவராக வந்திருந்த கிராம்ப்-காரன்பவுர், தலைமைப் பொறுப்பை விடப் போவதாகச் சொன்னார். ஐந்தே நாள். தீவிரமாக கெம்மரிச் ஒரு வார்த்தை பேசவில்லை. தீவிரக்காரர்கள் கொடுத்ததைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

சரி, விலக்கி வைத்தால் உடனே நல்ல பெயர் வந்துவிடுமா? வராது. பிரிட்டனில் தொழிற்கட்சிக்குள் மிலிட்டன்ட் என்ற தீவிர இடதுசாரிக் குழு இருந்தது. லிவர்பூல் நகராட்சியில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. பணம் தீர்ந்துபோய், சொந்த ஊழியர்களுக்கே வேலை நீக்க நோட்டீஸ் கொடுக்க டாக்சி பிடித்து அனுப்பினார்கள். 1985 அக்டோபர் 1, போர்ன்மவுத் மாநாட்டில் கட்சித் தலைவர் நீல் கின்னக் அந்த டாக்சியைச் சொல்லியே அவர்களைக் கண்டித்தார். சொந்தக் கட்சிக்காரர்களே கூச்சலிட்டார்கள், மூத்த தலைவர் எரிக் ஹெஃபர் மேடையிலிருந்து எழுந்து போனார். 1983ல் அந்தக் கட்சிக்கு 209 இடம். 1987ல் 229, 1992ல் 271. இரண்டிலும் தோல்விதான். 1997ல்தான் 418 இடத்தோடு ஆட்சிக்கு வந்தார்கள், அப்போது கின்னக் தலைவரும் இல்லை. ஆகவே அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு என்ன லாபம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கெட்ட பெயர் ஒரே ராத்திரியில் வரும், போக வருடக்கணக்காகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிரிகள் ஒட்டுகிற முத்திரைக்கெல்லாம் பயந்து நம் ஆட்களையே வெட்டிவிடாதீர்கள். அதே காலத்தில் தொழிற்கட்சி நடத்திய லண்டன் நகராட்சிகள், கறுப்பு ஆடு என்று வருவதால் ஒரு குழந்தைப் பாட்டை இனவெறி என்று தடை செய்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. நகராட்சிகள் அப்படி எந்தத் தடையும் போடவில்லை. நிலம் கேட்பதும் கூலி கேட்பதும் சிலருக்குத் தீவிரமாகத்தான் தெரியும். நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: இந்த வாக்கியத்தை, இது யாரைப் பற்றியதோ அவர்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் அது கோரிக்கை, எவ்வளவு காரமாக இருந்தாலும் துணைக்கு நில்லுங்கள்.

கட்சியின் சொந்தக் கோரிக்கையே சுமையாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அண்ணாவைப் பாருங்கள். ‘அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு’ என்று முழங்கிய கட்சி. 1962ல் 50 இடம் வாங்கியும் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். அக்டோபரில் சீனப் போர் வந்ததும் பிரிவினைப் பேச்சை ஒதுக்கிவைத்து நேருவின் அரசுக்குத் துணை நின்றார். 1963ல் பிரிவினை கேட்பதைத் தடுக்கும் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகு கட்சி கோரிக்கையையே கைவிட்டது. ஆனால் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் தொண்டனைக் கட்சியில் பிடித்து வைத்தது என்பது என் எண்ணம். கோரிக்கையை விட்டாலும் ஆதங்கத்தை விடவில்லை. 1967ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டணி வைத்து ஆட்சியைப் பிடித்தார்கள். பிரிவினை கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் கூட்டணி அமைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக விசில் அடித்த பையன்கள். அவர்களைத் திட்டி விரட்டாதீர்கள், விரட்டினால் இன்னும் தீவிரமான இடத்துக்குத்தான் போவார்கள். ஒவ்வொருவரையும் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப் போய் பேசுங்கள். அவனுக்கு என்ன கோபம், வேலை இல்லையா, வீட்டில் என்ன, கேளுங்கள். நான் அப்படி ஆறு பேரிடம் பேசினேன். இரண்டு பேர் கட்சியை விட்டே போய்விட்டார்கள். மற்ற நால்வரில் ஒருவனை நானே இட்லிக் கடைக்கு அழைத்துப் போனேன். அக்கா அவனிடம் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லத் தெரியாமல் ஒரு செட் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தான். இப்போது எங்கள் கிளைக் கூட்டங்களில் நன்றியுரை அவன்தான் சொல்கிறான்.