பெயரில் ஊர் இருக்கிறது, ஆனால் எந்த ஊர்?

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரின் நூலகத்தில், குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் சனிக்கிழமைதோறும் கூடுவோம். ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர்களை வைத்து முன்னோரின் ஊரைத் தேடும்போது, புதிதாக வருகிறவர்கள் இடறுவதைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். அத்தனையும் நான் இடறிய இடங்கள். தேதியை மாற்றி எழுதுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

பெயரைப் பார்த்ததும் ஊரை முடிவு செய்வது

இதை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர். குடும்பப்பெயர் பிராட்ஃபோர்ட். 'பிராட்' என்றால் அகலம். 'ஃபோர்ட்' என்றால் ஆற்றை நடந்தே கடக்கிற துறை. "உங்கள் முன்னோர் யார்க்‌ஷயர் பிராட்ஃபோர்ட்தான்" என்று அடித்துச் சொன்னேன். மனிதர் நம்பிவிட்டார். மனைவியோடு ரயிலேறிப் போய், இரண்டு ராத்திரி தங்கி, மணிக்கூண்டின் முன்னால் படம் எடுத்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

மறு வருடம் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அகப்பட்டார். பிறந்த இடம் தெற்கே வில்ட்‌ஷயரில் ஒரு கிராமம். தேவாலயப் பதிவேடுகளில் எவ்வளவு பின்னால் போனாலும் குடும்பம் அந்தச் சுற்றுவட்டாரத்தைத் தாண்டவில்லை. பக்கத்திலேயே, ஏவன் ஆற்றங்கரையில், இன்னொரு பிராட்ஃபோர்ட்! படம் இன்னும் அவர் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. டீ குடிக்கப் போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

அகலமான துறை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஒரு பிராட்ஃபோர்ட் முளைத்திருக்கிறது. நியூட்டன், சட்டன், நார்ட்டன் இன்னும் மோசம். புதுப்பண்ணை, தென்பண்ணை, வடபண்ணை என்றுதான் பொருள். நம் புதூர் மாதிரி திரும்பிய பக்கமெல்லாம் உண்டு. 'புதூர்க்காரர்' என்று மட்டும் கேட்டுக்கொண்டு யாராவது பஸ் ஏறுவார்களா?

இன்னொன்றும் உண்டு. காரைக்குடியில் யாரையும் காரைக்குடிக்காரர் என்று கூப்பிடுவதில்லை. மதுரைக்கு வந்து கடை போட்டால்தான் அந்தப் பெயர் ஒட்டும். இங்கேயும் சாமானியர்களுக்கு அப்படித்தான் ஒட்டியது. நிலக்கிழார்கள் கதை வேறு. வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்பவர் 12ஆம் நூற்றாண்டில் டர்ஹம் பக்கத்து வாஷிங்டன் நிலத்தைப் பெற்றதும் பெயரையே மாற்றிக்கொண்டார். ஜார்ஜ் வாஷிங்டன் அந்த வழி.

ஆகவே ஆளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள். 1851 கணக்கெடுப்பு பிறந்த ஊரைச் சொல்லும். அங்கிருந்து தேவாலயப் பதிவேடுகள். அவற்றை எழுதச் சொல்லி உத்தரவு வந்தது 1538இல். பதிவேடு தீர்ந்த இடத்தில் வரைபடத்தை விரித்து, சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். சில சமயம் ஊராகவே இருக்காது, ஒற்றைப் பண்ணைவீடாக இருக்கும்.

இன்றைய எழுத்தைப் பிரித்துப் பொருள் சொல்வது

நாட்டிங்ஹமில் 'நாட்' என்றால் முடிச்சு என்றார் ஒருவர். 'ஸ்நாட்' என்பவனின் கூட்டத்தார் குடியிருந்த ஊர் அது. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்கள் வாயில் முன்னால் இருந்த 'ஸ்' உதிர்ந்துவிட்டது. பிரைட்டனிலும் வெளிச்சம் எதுவும் இல்லை. 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே என்ற நிலக் கணக்குப் பதிவேட்டில் அது 'பிரிஸ்டெல்மெஸ்டூன்', ஒரு தனி ஆளின் பண்ணை. மிகப் பழைய வடிவத்தைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். 1923இல் தொடங்கிய ஆங்கில ஊர்ப்பெயர்ச் சங்கம் வட்டாரவாரியாகத் தொகுதிகள் போட்டிருக்கிறது.

'ஹம்' எல்லாம் ஒன்றே என்பது

இல்லை. ஊர்ப்பெயரின் கடைசியில் வரும் 'ஹம்' (ham) இரண்டு வகை. ஒன்று குடியிருப்பு: நார்ஃபோக்கில் இருக்கும் பெக்கம், 'பெக்கா'வின் குடியிருப்பு, கால்பந்து பெக்கமின் பெயர் இந்த வகை. மற்றது ஆற்று வளைவில் ஒதுங்கிய நிலம்: ஈவ்ஷமை வரைபடத்தில் பாருங்கள், மூன்று பக்கமும் ஏவன் ஆறு (பிராட்ஃபோர்ட் பக்கத்து ஏவன் அல்ல, இது வேறு).

ஆற்றை நம்புவது

கேம்பிரிட்ஜில் 'கேம்' ஆறு ஊருக்குப் பெயர் தரவில்லை. ஆறு முதலில் கிராண்டா, ஊர் 'கிராண்டாப் பாலம்'. ஊர்ப்பெயர் திரிந்த பிறகு, அதிலிருந்து ஆற்றுக்குப் பெயர் வந்தது. (குளஸ்டர்‌ஷயரிலும் ஒரு கேம்பிரிட்ஜ் உண்டு. அங்கே ஆறுதான் முந்தியது. மறுபடியும் முதல் தவறைப் படியுங்கள்.)

உச்சரிப்பு

Leicester என்று எழுதும் ஊரைச் சொல்வது லெஸ்டர் என்று. எழுத்தை நம்பி 'லீசெஸ்டர்' என்று தேடினால், ஒலிப்படி Lester என்று எழுதிக்கொண்ட குடும்பங்கள் கிடைக்காது.

'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கடையில் விற்கும் கேடயம்

வாங்காதீர்கள். சின்னம் ஆளுக்குத் தரப்பட்டது, பெயருக்கு அல்ல.