புது மீன் தொட்டியை சைக்கிள் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டியில் தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை நாலு நாள் ஓடவிட்டு, தண்ணீர் பளிச்சென்று இருக்கிறதே என்று மீனை விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அமோனியா இல்லாத தண்ணீரில் ஃபில்டர் ஒரு மாதம் ஓடினாலும் தேவையான பாக்டீரியா வளராது. அதற்குத் தீனியே இல்லை. சைக்கிளிங் என்பது ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மீடியாவிலும் (ஃபில்டருக்குள் பாக்டீரியா ஒட்டி வளரப் போடும் பொருள்) இரண்டு வகை பாக்டீரியாவை வளர்த்தெடுக்கும் வேலை. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை அவ்வப்போது தண்ணீர் மாற்றியே கட்டுக்குள் வைக்கலாம். மீன் இல்லாமல், நாமே அமோனியா போட்டு, இதைச் செய்து முடிக்கப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அமோனியாவை அள்ளிக் கொட்டுவது

நிறையப் போட்டால் பாக்டீரியா வேகமாகப் பெருகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு: 5 பிபிஎம்மை (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) தாண்டினால் சைக்கிள் மந்தமாகிவிடும். 2 பிபிஎம் போதும். 100 லிட்டர் தண்ணீருக்கு அமோனியம் குளோரைடு என்றால் சுமார் 0.6 கிராம், 10 சதவீத அமோனியா கரைசல் என்றால் சுமார் 2 மில்லி. கரைசல் வாங்கினால் பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். நுரை எழும்பி அப்படியே நின்றால் அதில் சோப்பு கலந்திருக்கிறது, தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கணக்குப் போடும்போது தொட்டியின் கொள்ளளவை எடுக்காமல், மணல், கல் போக உள்ளே உண்மையில் இருக்கும் தண்ணீரை எடுங்கள். அமோனியாவுக்குப் பதில் மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிடும் வழியும் உண்டு. ஆனால் எவ்வளவு அமோனியா எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பூஞ்சையும் பிடிக்கும்.

நைட்ரைட் ஏறும்போது தொடர்ந்து அமோனியா போடுவது

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. முதல் பாக்டீரியா தயாரானதும் அமோனியா ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதைப் பார்த்த உற்சாகத்தில் தினமும் 2 பிபிஎம் போடத் தொடங்குவார்கள். ஒரு பிபிஎம் அமோனியா சுமார் 2.7 பிபிஎம் நைட்ரைட்டாக மாறுகிறது, அதாவது ஒரு டோஸுக்கு 5 பிபிஎம்முக்கு மேல். இரண்டாவது பாக்டீரியா மெதுவாகத்தான் வளரும். அதனால் மூன்று நாளில் நைட்ரைட் டெஸ்ட் கிட்டின் கடைசி நிறத்தையும் தாண்டிவிடும். அதன்பின் 6 இருந்தாலும் 30 இருந்தாலும் சோதனைக் குழாயில் தெரிவது ஒரே ஊதா நிறம்தான். அப்போது தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். அளவு மிகவும் ஏறியிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிடலாம். பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருப்பது மீடியாவில் என்பதால் தண்ணீரை மாற்றினால் சைக்கிள் கெட்டுவிடாது. இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 1 பிபிஎம் அமோனியா போதும்.

இன்னொரு பொறியும் உண்டு. பெரும்பாலான நைட்ரேட் கிட்டுகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கின்றன. ஆகவே தண்ணீரில் நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேஎச்சைக் கவனிக்காமல் விடுவது

மூன்று வாரம் ஒழுங்காக ஓடிய சைக்கிள் திடீரென்று நின்றுவிட்டால் முதலில் தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்சைப் பாருங்கள். அமோனியா மாறும்போது அமிலம் உண்டாகி, தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடுகிறது. அந்தக் காரத்தன்மையின் அளவுதான் கேஎச். ஒவ்வொரு 2 பிபிஎம் டோஸும் ஏறக்குறைய 0.65 டிகிரி கேஎச்சைக் கரைக்கும். மென்தண்ணீரில் 4 டிகிரியோடு தொடங்கினால் ஆறு டோஸில் காலி. கேஎச் தீர்ந்ததும் பிஎச் சரிந்து விழும். 6.5-க்குக் கீழே பாக்டீரியா சோம்பும், 6-க்கு வந்தால் கிட்டத்தட்ட நின்றே போகும். இதற்கு பாக்டீரியா பாட்டில் வாங்கி ஊற்றிப் பயனில்லை. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டால் கேஎச் ஒரு டிகிரி ஏறும். தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். மீன் உள்ள தொட்டியில் மட்டும் இதை அவசரமாகச் செய்யக் கூடாது, காரணம் கீழே.

குளோரின்

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பாதி உண்மை. குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்திருந்தால் போகாது, டீகுளோரினேட்டர் (குளோரினை நீக்கும் மருந்து) கட்டாயம். அது குளோரமைனை உடைக்கும்போது உள்ளிருக்கும் அமோனியா வெளியே வரும். தண்ணீர் மாற்றியதும் கிட் கொஞ்சம் அமோனியா காட்டினால் மிரள வேண்டாம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசுவதும் இதே வகைத் தவறுதான். வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும், அதுவும் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மட்டும்.

முதல் வாரத்தில் தண்ணீர் பால்போல் கலங்குவது வேறு வகை பாக்டீரியாவின் வேலை. தானாகத் தெளியும். ஏர் ஸ்டோனை ஓடவிட்டுச் சும்மா இருங்கள்.

ஏற்கெனவே மீன் விட்டிருந்தால்

அமோனியா எண்ணை மட்டும் பார்த்து அபாயத்தைக் கணக்கிட முடியாது. கிட் காட்டுவது மொத்த அமோனியாவை. அதில் மீனைக் கொல்லும் பகுதி, 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-ல் சுமார் 0.6 சதவீதம், பிஎச் 8-ல் 5 சதவீதத்துக்கும் மேல். பிஎச் சரிந்து அமோனியா சேர்ந்துகிடக்கும் தொட்டியில், பிஎச் அதிகமுள்ள புதுத் தண்ணீரை மொத்தமாக ஊற்றியதும் மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுதான் காரணம். சோடாவும் அதையே செய்யும். அப்படிப்பட்ட தொட்டியில் தினமும் 10, 15 சதவீதமாகவே மாற்றுங்கள். மற்றபடி அமோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம்மைத் தொட்டால் 30 முதல் 50 சதவீதம் மாற்றலாம். தீவனம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், துளியளவு.

மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறினால், செவுள் பழுப்பாகத் தெரிந்தால், நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள். 10 லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டால் அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுக்கும்.

முடிந்ததா என்று பார்க்க

2 பிபிஎம் அமோனியா போட்டு 24 மணி நேரம் கழித்து அளந்தால் அமோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யமாக இருக்க வேண்டும். அமோனியா மட்டும் பூஜ்யம் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மறுநாளும் இதே முடிவு வந்தால் 80 சதவீதத் தண்ணீரை மாற்றிச் சேர்ந்த நைட்ரேட்டை வெளியேற்றி, மீனை விடலாம். மீன் வரத் தாமதமானால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 1 பிபிஎம் அமோனியா போட்டு, ஃபில்டரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.