வாசலில் அல்ல, தெருமுனையில் தொடங்கும் பாதுகாப்பு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு வந்த தற்கொலைக் குண்டுதாரியைச் சந்தேகித்துச் சபையார் ஒருவர் தடுத்ததால், குண்டு மண்டபத்துக்கு வெளியே வெடித்தது. உள்ளே இருந்த பெரும்பாலோர் தப்பினர். எனினும் முற்றத்தில் நின்றவர்களில் சிறுவர்கள் பலர் உயிரிழந்தனர். எனவே வழிபாட்டுத் தலங்களின் பாதுகாப்பில், வருவோரைச் சோதனையிடுவது எங்கே என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும்.

சோதனை மேசையை மண்டபக் கதவருகே வைக்காமல், வெளி மதிலின் நுழைவாயிலில், மக்கள் கூடும் இடத்திலிருந்து இயன்ற அளவு தள்ளி வையுங்கள். அங்கே நீண்ட வரிசை சேர்ந்தால் அதுவே இலக்காகிவிடும் என்பதால், திருவிழா நாள்களில் நுழைவாயில்களையும் சோதனையாளர்களையும் கூட்டுங்கள். பைகளைக் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிப்பது எந்தக் கருவியையும்விட வேகமாக வரிசையைக் குறைக்கும்.

வாகனங்களைச் சுவரை ஒட்டி நிறுத்த விடாதீர்கள். மோத வரும் வாகனத்தைத் தடுக்க, வாயிலுக்கு முன் தரையில் ஆழப் பதித்த இரும்புத் தூண்கள் தேவை. வெறுமனே வைத்த பூந்தொட்டி அழகுக்குத்தான் உதவும்.

வழிபாடு முடியும்வரை வெளியேறும் கதவுகள் பூட்டப்படாமல், வெளிப்புறமாகத் திறக்கும்படி இருக்க வேண்டும். பாதுகாப்பின் பெயரால் அவற்றைப் பூட்டுவது பெருந்தவறு.

கண்காணிப்புக் கேமரா பயனுள்ளதுதான், ஆனால் அதை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருவோரை வணங்கி வரவேற்று இரண்டு வார்த்தை பேசும் தொண்டர், பதற்றத்தோடு வருபவரை அதற்கு முன்பே கவனித்துவிடுவார். அவரிடம் காவல் நிலைய எண்ணும், தயங்காமல் அழைக்கும் அதிகாரமும் இருக்கட்டும்.