நுண்கால்வாய் சிப்பில் செம்பைப் பிரித்தெடுப்பது எப்படி?

செம்புத் தாதுவை அமிலத்தில் கரைத்து இறக்கிய கரைசலில் நுண்ணிய சிலிக்கா மிதந்தால், மிக்சர்-செட்லர் (கலக்கிப் பின் தெளியவிடும்) தொட்டியில் செம்பைப் பிடித்தெடுக்கும் எண்ணெயும் நீரும் பிரியாமல் நடுவே கசடு கட்டிக்கொள்ளும். நுண்கால்வாயில் கலக்குவதே கிடையாது. இரண்டும் பக்கத்தில் பக்கமாக ஓட, செம்பு மட்டும் எல்லை தாண்டும். ஆலைத் தொட்டிக்கு இது மாற்று அல்ல. புதுக் கரைசல் எப்படி நடந்துகொள்ளும் என்று சில மில்லிலிட்டரில் பார்த்துவிடலாம், அவ்வளவுதான்.

சிப் கண்ணாடியாக இருக்கட்டும்: 160 மைக்ரான் அகலம், 40 மைக்ரான் ஆழம், 80 மி.மீ. நீளம், இரு முனையிலும் ஒய் வடிவம், நடுவே வரப்பு மாதிரி ஒரு தாழ்ந்த மேடு. சிலிக்கோன் ரப்பர் சிப் மண்ணெண்ணெயைக் குடித்து உப்பிவிடும். பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் தலைக்கும் அதே கதிதான். பிஸ்டன் திக்கித் திக்கி நகரும். கண்ணாடி சிரிஞ்சும் டெஃப்ளான் குழாயும் வாங்குங்கள்.

எண்ணெய் ஓடும் பாதியை நீர் ஒட்டாததாக்க வேண்டும். 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவி, நீர் விட்டு அலசி, நைட்ரஜனில் நன்றாக உலர்த்துங்கள். எண்ணெய் வரும் வாயில் வழியே ஹெக்சாடெக்கேனில் 0.5% ஆக்டாடெசில்ட்ரைகுளோரோசிலேன் (கண்ணாடியில் நீர் ஒட்டாத பூச்சு தரும் சிலேன்), மறு வாயில் வழியே வெறும் ஹெக்சாடெக்கேன், 2 முதல் 3 நிமிடம். பிறகு ஹெக்சேன், மெத்தனால். ஈரம் துளி மிச்சமிருந்தாலும் சிலேன் வெள்ளைக் கூழாகி வழியை அடைத்துவிடும். அந்த சிப்பை மீட்பது கடினம்.

நீர்க் கரைசலுக்கு 3.93 கிராம் மயில்துத்தத்தை (நீலக் காப்பர் சல்பேட்) 1 லிட்டரில் கரைத்தால் செம்பு 1 கிராம். கந்தக அமிலத்தால் பிஎச் 2.0க்குக் கொண்டுவாருங்கள். ஆலைக் கரைசலானால் முதல் முறை 0.45 மைக்ரான் வடிகட்டியில் இறக்குங்கள். ஓட்டம் கைவந்த பிறகு வடிகட்டாமல் முயலலாம். எண்ணெய்க்கு, சுத்தமான மண்ணெண்ணெயில் 10% லிக்ஸ் 984என் (செம்பைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்). சாயம் போட்ட நீல ரேஷன் மண்ணெண்ணெய் வேண்டாம். கலவையை லிட்டருக்கு 180 கிராம் கந்தக அமிலக் கரைசலால் ஒருமுறை கழுவி, பின் நீரால் கழுவுங்கள். (98% அமிலம் 100 மி.லி.யை நீரில் ஊற்றி 1 லிட்டராக்கினால் அந்த அளவு வரும். நீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள்.)

எண்ணெயை முதலில் விட்டு, பின் நீரை வேகமாக விட்டுக் குமிழிகளைத் தள்ளுங்கள். அப்புறம் நீர் நிமிடத்துக்கு 4 மைக்ரோலிட்டர், எண்ணெய் 2. எண்ணெயின் பாகுத்தன்மை ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் பாதி வேகத்தில்தான் அழுத்தம் சமமாகும். கால்வாயின் கொள்ளளவு அரை மைக்ரோலிட்டர், ஆக தொடர்பு நேரம் சுமார் 5 விநாடி. நேரத்தை மாற்ற விரும்பினால் 2:1 விகிதத்தைக் கெடுக்காமல் இரண்டையும் சேர்த்தே குறையுங்கள்.

காலை வாரிவிடுவது பெரும்பாலும் வேதியியல் அல்ல, வெளிவாயில்தான். இந்த ஆழத்தில் எல்லை தாங்குவது ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல், அதாவது 10 செ.மீ. நீர் உயரம். அரை மில்லிமீட்டர் குழாயின் நுனியில் தொங்கும் ஒரு நீர்த்துளியே 500 பாஸ்கல் அளவுக்குப் பின்தள்ளும். துளி விழும்போதெல்லாம் எல்லை துள்ளுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். குழாய் நுனிகளைக் குப்பித் திரவத்துக்குள் மூழ்க வையுங்கள். நீர்க் குழாயில் எண்ணெய் முத்துகள் வந்தால் எண்ணெய்ப் பக்க அழுத்தம் அதிகம்: நீர்க் குப்பியை ஒரு செ.மீ. உயர்த்திப் பாருங்கள், சுமார் 100 பாஸ்கல் கிடைக்கும். எண்ணெயில் நீர் வந்தால் எண்ணெய்க் குப்பியை உயர்த்துங்கள்.

100 மைக்ரோலிட்டர் நீர் சேர 25 நிமிடம் ஆகும். அதில் 50 மைக்ரோலிட்டரை 2% நைட்ரிக் அமிலத்தால் 25 மி.லி. ஆக்கி, அணு உறிஞ்சல் கருவியில் 324.8 நானோமீட்டரில் அளவிடுங்கள். கூடவே 10 மி.லி. நீர்க் கரைசலையும் 5 மி.லி. எண்ணெயையும் பிரிபுனலில் 5 நிமிடம் குலுக்கி, அந்த நீரையும் அளந்து, இரண்டிலும் எத்தனை சதவீதம் செம்பு எண்ணெய்க்குப் போனது என்று கணக்கிடுங்கள். சிப்பின் சதவீதம் பிரிபுனலின் சதவீதத்தைத் தொடாவிட்டால் தொடர்பு நேரம் போதவில்லை. தாண்டினால் எங்கோ எண்ணெய் கசிகிறது, அல்லது நீர்த்ததில் பிழை. 1 கிராம் செம்பு எண்ணெய்க்குப் போனால் 1.54 கிராம் கந்தக அமிலம் நீரில் சேரும். வெளிவரும் நீரின் பிஎச் 1.5 பக்கம் இறங்கியிருந்தால் பதற வேண்டாம்.